மதகு திறக்கும் நாளில் ககாவா

ஜூன் 15 அன்று காலையில் மன்னோ ஏரிக்கரையில் நின்றிருந்தேன். ஒகாயாமாவில் விடிகாலை ரயிலேறி, கடலைப் பாலத்தில் கடந்து, ககாவா மாகாணத்தின் உட்பகுதியில் இருக்கும் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் கூடிவிட்டது. பெரும்பாலும் வயதானவர்கள். வெயிலுக்குத் தொப்பியும் கழுத்தில் ஒரு துண்டும். ஏரிக்கரைக் கோயிலில் பூசை முடிந்தது. அப்புறம் மதகைத் திறந்தார்கள்.

முதலில் ஓர் உறுமல். பிறகு வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கால்வாயில் பாய்ந்தது தண்ணீர். யாரும் கைதட்டவில்லை, ஆரவாரமும் இல்லை. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் கால்வாய் போகும் திசையைக் கையால் காட்டி, "எங்க வயலுக்கு வர்றதுக்கு இன்னும் நாளாகும். மேல இருக்கறவங்க முதல்ல நடணும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இந்த நாளுக்கு 'யுரு நுகி' என்று பெயர். யுரு என்பது மதகு, நுகி என்றால் பிடுங்குவது. அந்தக் காலத்தில் ஏரிக்குள் சாய்வாக ஒரு மரத் தூம்பு இறங்கும். அதில் படிப்படியாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு மர அடைப்பு. மேலே இருக்கும் அடைப்பை முதலில் பிடுங்கினால் வெயிலில் சூடேறிய மேல்தண்ணீர் முதலில் வயலுக்குப் போகும், நாற்றுக்கு அதுதான் நல்லது. கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஊர்மீது எனக்குப் பிடிப்பு வந்ததும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கிடைத்த விடுமுறையெல்லாம் ககாவாவில்தான் கழிந்தது.

ஜப்பானின் 47 மாகாணங்களில் மிகச் சிறியது ககாவா. பரப்பு சுமார் 1,877 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி ஒன்பதரை லட்சம் பேர். ஷிகோகு தீவின் வடகிழக்கு மூலையில், செத்தோ உள்கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பழைய பெயர் சனுகி. 1871இல் மாகாணமானது. பிறகு பக்கத்து மாகாணத்தோடு சேர்த்தார்கள், பிரித்தார்கள், மறுபடி இன்னொரு பக்கத்து மாகாணமான எஹிமேயோடு சேர்த்தார்கள். கடைசியில் 1888 டிசம்பர் 3ஆம் தேதி தனி மாகாணமாக நிலைபெற்றது. இன்றைய மாகாணங்களில் கடைசியாக உருவானது இதுதான்.

ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஆட்சி வரலாற்றைவிட மழைக்கணக்குதான் உதவும். வடக்கே சூகோகு மலைகள் குளிர்காலத்துப் பனிமழையைத் தடுத்துவிடுகின்றன. தெற்கே ஷிகோகு மலைகள் கோடை மழையையும் புயல் மழையையும் வாங்கிக்கொள்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட சனுகிச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 மில்லிமீட்டர்தான் மழை. நம் ஊர்க் கணக்கில் அது நல்ல மழை. ஆனால் ஜப்பானின் சராசரி 1,700 அளவில் இருக்கிறது, நெல்லும் அதை நம்பித்தான் இருக்கிறது. போதாததற்கு ஆறுகளெல்லாம் குட்டையானவை, சரிவானவை. பெய்த மழை நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும்.

அதனால் ஓடுகிற தண்ணீரை மறித்து வைத்தார்கள். ககாவாவில் இன்றும் 12,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. பரப்பளவோடு ஒப்பிட்டால் ஜப்பானிலேயே இங்குதான் நெருக்கம் அதிகம். விமானத்தில் மாகாணத் தலைநகரான தகாமட்சுவுக்கு இறங்கும்போது சன்னலோரம் உட்கார்ந்தால், உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கொட்டி வைத்ததுபோல நிலமெங்கும் நீர் மின்னுவதைப் பார்க்கலாம்.

இவற்றில் மிகப் பெரியது மன்னோ. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டினார்கள். 818இல் கரை உடைந்தது. ஜப்பானின் அன்றைய தலைநகரிலிருந்து வந்த அதிகாரியால் வேலையை முடிக்க முடியவில்லை, ஆள் சேரவில்லை. அப்போது மாகாண ஆளுநர் அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கூக்காய் என்ற துறவி இந்த மண்ணில் பிறந்தவர், மக்கள் அவரைத் தாய் தந்தையாக நினைக்கிறார்கள், அவர் வருகிறார் என்று தெரிந்தால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள், அவரை அனுப்புங்கள் என்று.

821இல் கூக்காய் வந்தார். சுமார் மூன்று மாதத்தில் கரை எழுந்தது. தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கரையை ஏரிப் பக்கம் வில்போல வளைத்துக் கட்டினார் என்றும், மிகைநீர் வெளியேறப் பாறையில் கலிங்கு வெட்டினார் என்றும் சொல்கிறார்கள். அவர் வேள்வித் தீ வளர்த்ததாகச் சொல்லப்படும் பாறை இப்போது ஏரிக்குள் சின்னத் தீவாக நிற்கிறது. தீவைக் காட்டிய பெரியவர் 'கூக்காய்' என்று சொல்லவில்லை. 'ஓதாய்சான்' என்றார். ஜப்பான் முழுக்க அவரைப் பெருங்குரு என்ற பொருளில் 'தாய்ஷி' என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதையும் வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுவதுபோலச் சுருக்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கூக்காய் 774இல் இன்றைய ஸென்ட்சூஜி நகரில் பிறந்தவர். 804இல் சீனாவுக்குப் போய், சாங்கான் நகரில் ஹூய்குவோ என்ற ஆசிரியரிடம் தாந்திரிக பௌத்தம் கற்று 806இல் திரும்பினார். ஹூய்குவோவின் ஆசிரியர் அமோகவஜ்ரர். அவருடைய ஆசிரியர் வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியர். சீன மொழியில் எழுதப்பட்ட அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் காஞ்சி வருகிறது, பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் வருகிறான். காஞ்சியில் மழை பொய்த்தபோது மன்னன் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் மழைக்காக வேண்டினார் என்ற செய்தியும் வருகிறது. பிறகு இலங்கை வழியாகக் கடலேறி, 720 வாக்கில் சீனா சேர்ந்தார்.

கூக்காய் நிறுவிய ஷிங்கோன் மரபின் கோயில்களில் குருபரம்பரை எட்டுப் பேரின் படங்கள் மாட்டியிருக்கும். கையில் செபமாலையோடு இருப்பவர் வஜ்ரபோதி. ஜப்பானிய மொழியில் 'கொங்கோச்சி' என்பார்கள். அப்படியொரு மண்டபத்தின் அரையிருட்டில், ஊதுவத்திப் புகைக்கு நடுவே அந்தப் படத்தைப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது. காஞ்சியில் மழைக்கு வேண்டியவரின் வழிவந்த மாணவர் சனுகியில் ஏரிக்கரை கட்டினார். இதை நான் இட்டுக்கட்டவில்லை, அவர்களுடைய குருபரம்பரையிலேயே இருக்கிறது.

மன்னோவின் கதை அத்தோடு முடியவில்லை. 1184இல் கரை மறுபடி உடைந்தது. உள்நாட்டுப் போர்க்காலம். சரிசெய்ய ஆளில்லை. ஏரி வறண்டு, உள்வாய் முழுக்க வயலாகி, அங்கே ஓர் ஊரே உருவாகிவிட்டது. அந்த ஊரின் பெயர் இகேனோஉச்சி, ஏரிக்குள் என்று பொருள். நானூற்றைம்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1626இல் கடும் வறட்சி வந்தபிறகுதான் நிஷிஜிமா ஹாச்சிபெய் என்ற பொறியாளர் வேலையை எடுத்துக்கொண்டு 1628இல் தொடங்கி 1631இல் முடித்தார். வெளியூரிலிருந்து அனுப்பப்பட்ட மனிதர். சனுகியில் அவர் கட்டியும் திருத்தியும் கொடுத்த ஏரிகள் 90க்கும் மேல். 1854இல் மறுபடி உடைப்பு. 1870இல் மறுபடி கட்டினார்கள். அந்த முறை பாறையைக் குடைந்து வழி எடுத்தார்கள். இன்று மன்னோவில் ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் தண்ணீர் நிற்கிறது. சுற்றளவு 20 கிலோமீட்டர்.

ஏரி இருந்துவிட்டால் மட்டும் போதுமா? பங்கீடு வேண்டும். சனுகியில் தண்ணீர்ச் சண்டைகளுக்குக் குறைவே இல்லை. அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று 'செங்கோ மிசு', அதாவது ஊதுவத்தித் தண்ணீர். வறட்சிக் காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, நீர்க்காவலர் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வைப்பார். அது எரிந்து முடியும்வரை ஒரு வயலுக்குத் தண்ணீர். வயலின் அளவுக்கேற்ப வத்தியின் நீளம். முடிந்ததும் மடை அடுத்த வயலுக்கு மாறும். கடிகாரம் இல்லாத காலத்தில் இதைவிட நேர்மையான அளவுகோல் வேறென்ன? கையளவு நீளமுள்ள ஊதுவத்தியை அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும், அதை யாரோ ஒரு விவசாயி இரவில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

சரி, உடோனுக்கு வருகிறேன். ககாவா என்றாலே ஜப்பானியர்கள் முதலில் சொல்வது அதைத்தான். 2011இல் மாகாணமே தன்னை 'உடோன் மாகாணம்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. கோதுமை மாவில் செய்த, தடித்த வெள்ளை இழைகள். சூடான சாறில் போட்டோ, சோயா சாஸை மட்டும் ஊற்றியோ சாப்பிடுவார்கள். கூக்காய்தான் சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று ஓர் ஐதீகம் உண்டு. கையில் இருக்கும் சான்று அதற்கு வெகுகாலம் பிந்தியது. 1700 வாக்கில் வரைந்த, கொம்பிரா மலைக்கோயில் திருவிழாவைக் காட்டும் மடிப்புத் திரை ஓவியத்தில் உடோன் கடைகள் இருக்கின்றன.

ஏன் இந்த ஊரில் மட்டும் இப்படி? மறுபடியும் மழைதான் காரணம். தண்ணீர் குறைவு என்பதால் நெல் அறுத்த வயலில் கோதுமை போட்டார்கள். வெயில் அதிகம் என்பதால் கடற்கரையில் உப்பளம் போட்டார்கள். 1829இல் குமே மிச்சிகதா சகாயிதேயில் அமைத்த உப்பளங்கள் அந்த ஊரையே வளர்த்தன. எதிரே ஷோதோ தீவில் சோயா சாஸ் காய்ச்சினார்கள். மேற்கே இபுகி தீவில் நெத்திலியைப் பிடித்த கையோடு அவித்து உலர்த்தினார்கள். சாறுக்கு அந்த நெத்திலிதான் அடிப்படை. கோதுமை, உப்பு, சாஸ், நெத்திலி நான்கும் ஒரு நாள் தூரத்துக்குள் கிடைத்தன.

நான் முதலில் போன கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை, வெளியே பத்துப் பதினைந்து கார்கள். காலை ஒன்பது மணிக்கே வரிசை. உள்ளே போனதும் கிண்ணத்தில் ஒரு சுருள் உடோனை வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். எனக்குப் பின்னால் வேலை உடுப்பில் இருந்தவர் ஒரு சொல்லும் பேசாமல் என் கிண்ணத்தை வாங்கி, உடோனை நீளக் கைப்பிடி வைத்த வடிகூடையில் போட்டு, கொதிக்கும் நீரில் முக்கி, ஏழெட்டு முறை குலுக்கி, தண்ணீரை ஓங்கி உதறிவிட்டுத் திருப்பித் தந்தார். சாறு குழாயைத் திறந்து காட்டினார். நறுக்கிய வெங்காயத்தாளும் துருவிய இஞ்சியும் தட்டில் இருந்தன. வெளியே மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். விலை சில நூறு யென்தான்.

உடோனில் அவர்கள் தேடுவது 'கொஷி'. இடுப்பு என்று பொருள். பல்லுக்கு அகப்பட்டு, அறுபடாமல் ஒரு கணம் எதிர்த்து நின்று, பிறகு விட்டுக்கொடுக்கும் அந்த உறுதிக்குத்தான் அந்தப் பெயர். அது வருவது உப்பாலும் மிதிப்பதாலும். பிசைந்த மாவைப் பாயில் சுற்றிக் காலால் மிதிக்கிறார்கள். மடித்து மறுபடி மிதிக்கிறார்கள். உப்புக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒரு பங்கு உப்புக்குக் கடுங்கோடையில் மூன்று பங்கு தண்ணீர், குளிர்காலத்தில் ஆறு பங்கு, மற்ற நாட்களில் ஐந்து பங்கு. வெயிலில் மாவு தளர்ந்துவிடும், உப்பு இழுத்துப் பிடிக்கும். கடைக்காரப் பாட்டி எனக்கு இதைச் சொல்லும்போது விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அவருக்கு அவருடைய மாமியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

இன்று பெரும்பாலான கடைகளில் ஆஸ்திரேலியக் கோதுமைதான். உள்ளூர்க் கோதுமையை மீட்க மாகாணம் 'சனுகி நோ யுமே 2000' என்ற ரகத்தை உருவாக்கியது. சனுகியின் கனவு என்று பொருள். உடோனுக்கு மறுபக்கமும் உண்டு. மாவுச்சத்தை இவ்வளவு சாப்பிடும் ஊரில் நீரிழிவும் பெரிய கவலையாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கே இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். முதலில் காய்கறி, பிறகு உடோன் என்று பிரச்சாரம் நடக்கிறது. தன் பெருமைக்குரிய உணவைப் பற்றித் தன் மக்களிடமே இப்படி வெளிப்படையாகப் பேசுகிற அரசு எனக்கு மரியாதைக்குரியதாகத் தெரிகிறது.

பழைய சனுகியின் செல்வத்தை 'மூன்று வெள்ளை' என்பார்கள்: உப்பு, சர்க்கரை, பருத்தி. மூன்றும் வெயில் காய்ந்தால் வளரும் பொருள்கள். சர்க்கரையில் 'வாசான்போன்' மட்டும் இன்னும் இருக்கிறது. மெல்லிய கரும்பிலிருந்து எடுத்து, தட்டில் போட்டு நீர் தெளித்துக் கையால் பிசைந்து பிசைந்து பழுப்பை நீக்குவார்கள். நாக்கில் வைத்தால் கரைந்த தடமே தெரியாது. மலிவான சர்க்கரை வந்ததும் மற்றவர்கள் தொழிலை விட்டார்கள். கிழக்குக் கரையில் உப்பும் சர்க்கரையும் சரிந்தபோது, 1899இல் ஒசாகாவிலிருந்து கையுறைத் தையல் வந்து சேர்ந்தது. இன்று ஜப்பானில் தயாராகும் கையுறைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் ஹிகாஷி ககாவா என்ற அந்தச் சின்ன நகரத்தைச் சார்ந்தது. மருகாமே நகரின் கைவிசிறியும் அதே கணக்குத்தான், நாட்டின் 90 சதவீதம். விசிறிக்கு மூங்கில் மேற்கே இயோவிலிருந்து, காகிதம் தெற்கே தோசாவிலிருந்து, பசை தென்கிழக்கே அவாவிலிருந்து. ஷிகோகு என்றால் நான்கு நாடுகள். மூன்று நாடுகள் பொருள் தர, நான்காவது நாடு கைவேலை தந்தது.

அந்த விசிறிகள் யாருக்காக என்றால், கொம்பிராவுக்கு வந்த பக்தர்களுக்காக. கொதோஹிரா மலைக்கோயிலை மக்கள் 'கொம்பிரா சான்' என்கிறார்கள். கும்பீரா என்ற வடசொல்தான் கொம்பிரா ஆனது. கங்கை முதலை. நம் அகராதியிலும் முதலைக்குக் கும்பீரம் என்றொரு சொல் இருக்கிறது. முதலை வடிவக் காவல்தெய்வம் ஜப்பானுக்கு வந்து கடலோடிகளின் தெய்வமாகிவிட்டது. பிரதான சன்னிதிக்கு 785 படி, உள்சன்னிதிவரை போனால் 1,368. படியேறக் காலில் வலுவில்லாதவர்கள், ஊர்விட்டு வர முடியாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாயின் கழுத்தில் காணிக்கைப் பை கட்டி அனுப்பினார்கள். வழியில் பார்ப்பவர்கள் அதற்குச் சோறு போட்டு, கோயில்வரை சேர்த்து, திருப்பியும் அனுப்பினார்கள். கடலில் போகிறவர்கள் காணிக்கையைச் சின்னப் பீப்பாயில் போட்டுக் கடலில் விட்டார்கள். கண்டெடுத்தவர் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். முகம் தெரியாதவரை இப்படி நம்ப முடிந்த காலம் அது. கோயில் அடிவாரத்தில் 1835இல் கட்டிய கபூகி நாடக அரங்கு இருக்கிறது, ஜப்பானில் எஞ்சியவற்றில் மிகப் பழையது. படி ஏறி இறங்கிய கால்வலியோடு அதன் மரத்தரையில் உட்கார்ந்தது நல்ல ஞாபகம்.

தகாமட்சு நகரில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால் ரிட்சுரின் தோட்டத்துக்குப் போங்கள். நூறாண்டுக்கு மேல் வளர்த்து 1745இல் முடித்த தோட்டம். 1,400 பைன் மரங்கள், அவற்றில் ஆயிரம் மரங்கள் கையால் வளைத்து வளர்த்தவை. ஏரி கட்டிய அதே ஹாச்சிபெய் இங்கேயும் வருகிறார். வெள்ளத்தைத் தடுக்கக் கோத்தோ ஆற்றின் ஒரு கிளையை அவர் அடைத்தார். அந்த வறண்ட ஆற்றுப்படுகையில்தான் தோட்டம் எழுந்தது. படுகைக்கு அடியில் ஓடும் ஊற்றுநீர் இன்றும் அதன் குளங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

பல நூற்றாண்டுகள் ஏரிகள் தாக்குப்பிடித்தாலும் நகரம் பெருத்தபோது தாங்கவில்லை. 1973 கோடையை இன்றும் 'தகாமட்சு பாலைவனம்' என்று சொல்கிறார்கள். 1974இல்தான் ககாவா கால்வாயில் முதல் தண்ணீர் வந்தது. தெற்கே கோச்சியின் மலைகளில் உள்ள சமேஉரா அணை, அங்கிருந்து யோஷினோ ஆறு, பிறகு தோகுஷிமாவின் எல்லையில் மலையைக் குடைந்து 8 கிலோமீட்டர் சுரங்கம், அதைத் தாண்டி ஊரெங்கும் கால்வாய். வேறு இரண்டு மாகாணங்களின் மழையில் வாழ்கிறது ககாவா. 1994 வறட்சியில் அந்த அணையும் காலியாகி, நீருக்குள் மூழ்கியிருந்த பழைய ஊராட்சி அலுவலகக் கட்டடம் வெளியே தெரிந்தது. கோடை வந்தால் சமேஉராவில் எத்தனை சதவீதம் என்பது இங்கே தினசரிச் செய்தி.

தண்ணீர்போலவே ஆட்களும் வெளியே இருந்துதான் வரவேண்டும், கடல் கடந்து. 1955 மே 11 அன்று மூடுபனியில் 'ஷியுன் மாரு' என்ற படகு இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்தவர்கள் 168 பேர், அவர்களில் 100 பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். பாலம் வேண்டும் என்ற குரல் அப்போதுதான் வலுத்தது. 1988 ஏப்ரல் 10 அன்று செத்தோ பெரும்பாலம் திறந்தது. மேல்தளத்தில் சாலை, கீழ்த்தளத்தில் ரயில். நான் ஒவ்வொரு முறையும் கீழ்த்தளத்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தீவுகள் விட்டுவிட்டுத் தெரியும். பாலத்துக்கு முன்னால் வந்தவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். ரயிலிலிருந்து படகுக்கு மாறியதும் மேல்தளத்து உடோன் கடைக்கு ஓடுவார்களாம். ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு அந்தக் கடற்காற்றும் உடோன் ஆவியும்தான் சனுகி.

தீவுகளைப் பற்றி நிறைய எழுதலாம். ஷோதோ தீவில் 1908இல் நட்ட ஆலிவ் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. அதே நேரம் வேறு இரண்டு மாகாணங்களில் நட்டவை பிழைக்கவில்லை. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவதாருப் பீப்பாய்களில் இன்னும் சோயா சாஸ் ஊறுகிறது. ஆனால் என்னால் மறக்க முடியாதது தெஷிமா.

தெஷிமா என்றால் வளமான தீவு. நீர் வற்றிய சனுகியில் விதிவிலக்காக ஊற்று உள்ள இடம். கராதோ என்ற ஊரில் கற்படி இறங்கிப் போனால் வற்றாத ஊற்று. அதன் தண்ணீரில் மலைச்சரிவில் படிக்கட்டு வயல்கள். அந்தத் தீவின் மேற்கு முனையில் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒரு நிறுவனம் தொழிற்சாலைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியது, எரித்தது. தீவு மக்கள் புகார் செய்தார்கள். மாகாண அரசு அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1990இல் பக்கத்து ஹியோகோ மாகாணக் காவல்துறை வந்து சோதனை போட்டபிறகுதான் அது நின்றது. கொட்டியவர்கள் போய்விட்டார்கள், குப்பை கிடந்தது.

பிறகு நடந்ததைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். தீவு மக்கள், பெரும்பாலும் முதியவர்கள், படகேறி தகாமட்சுவுக்கு வந்து மாகாண அலுவலகத்தின் முன்னால் ஐந்து மாதம் நாள்தோறும் நின்றார்கள். அந்தக் கட்டடம் 1958இல் கட்டடக்கலைஞர் தாங்கே கென்ஸோ வடிவமைத்தது, போருக்குப் பிந்தைய ஜப்பானியக் கட்டடக்கலையின் பெருமைகளில் ஒன்று. மேல்தளங்களைத் தூண்களின்மேல் உயர்த்தி, தரைத்தளத்தை மக்கள் கூடுவதற்கென்று திறந்துவிட்ட கட்டடம். அதன் முன்னால் அவர்கள் குளிரில் நின்றார்கள். 2000 ஜூன் 6 அன்று தீவின் பள்ளிக்கூடத்தில் உடன்பாடு கையெழுத்தானது. ஆளுநர் அங்கே வந்து அவர்கள்முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். 2003 முதல் 2017 வரை சுமார் ஒன்பது லட்சம் டன் கழிவைத் தோண்டியெடுத்து, பக்கத்து நவோஷிமா தீவுக்குக் கொண்டுபோய் உருக்கினார்கள். அந்த வேலை முடிவதற்குள் போராடியவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

நவோஷிமாவும் 1917இல் வந்த தாமிர உருக்காலையின் புகையில் மரம் கருகிய தீவுதான். இப்போது அங்கே அந்தோ ததாவோ மண்ணுக்குள் கட்டிய கலைக்கூடத்தைப் பார்க்க உலகமே வருகிறது. 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை தீவுகளெங்கும் கலைவிழா நடக்கிறது. தெஷிமாவிலும் அந்த ஆண்டே ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். கட்டியவர் நிஷிசாவா ரியூயே, உள்ளே இருக்கும் படைப்பு நைத்தோ ரேயுடையது. படிக்கட்டு வயல்களின் ஓரத்தில் ஒரு நீர்த்துளி கவிழ்ந்ததுபோல வெள்ளைக் கூரை. தூண் கிடையாது. மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பேசக் கூடாது. மேலே இரண்டு பெரிய வட்டத் திறப்புகள், அவற்றின் வழியாகக் காற்றும் வெளிச்சமும் சிள்வண்டுச் சத்தமும். முதலில் எதுவுமே இல்லை என்று நினைத்தேன். பிறகு காலருகே தரையில் ஒரு துளி தெரிந்தது. ஊசிமுனைத் துளையிலிருந்து தண்ணீர் முத்தாக எழும்பி, கொஞ்ச நேரம் நடுங்கி நின்று, கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஓடத் தொடங்கியது. வழியில் இன்னொரு துளியோடு சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து நீளமாகி, வேகம் பிடித்து, நடுவில் தேங்கிய சின்னக் குட்டையில் போய் விழுந்தது. மறுபடி அதே துளையில் புதுத் துளி.

எனக்கு எதிர்ப்பக்கம் ஓர் அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வயல்வேலை செய்த வெயில் இருந்தது. நான் போனபோதும் இருந்தார், முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தபோதும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.